ஷீபாவுக்கு ஒரு ஜாக்கெட்

நாய்க்கு எதுக்குச் சட்டை என்று நான் கேட்டதில் என்ன தப்பு? உடம்பெல்லாம் முடியோடு பிறந்த ஜீவன். எங்கள் மேலகரத்தில் எத்தனை நாய் சாரலில் நனைந்துகொண்டு திரிகிறது, ஒன்றாவது ஸ்வெட்டர் கேட்டு வாசலில் வந்து நின்றதா? இதைத்தான் கேட்டேன். அதற்கு என் வீட்டுக்காரர் மகாதேவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் என்னவோ பச்சைப் பிள்ளையை மழையில் நிறுத்திவிட்ட மாதிரி.

"நடுங்குதாட்டி அவ. இங்கன பாரு, காது கூட நடுங்குது" என்றார்.

'அவ'வாம்! கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷீபா எங்கள் மகள் அபர்ணா பெங்களூரிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன பக் நாய். அவள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். "கொஞ்ச நாளைக்கும்மா" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் போன வருஷக் குற்றால சீசனில் ஆரம்பித்தது, இன்னும் முடிந்தபாடில்லை. சப்பை மூஞ்சி, பிதுங்கின கண்ணு, போதாததற்குக் குறட்டை. அதைத்தான் அவர் 'ராசாத்தி' என்று கொஞ்சுகிறார். என்னைக் கல்யாணமான நாளிலிருந்து 'ஏட்டி'யைத் தாண்டி ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லை.

ஆமாம், பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? நாயைப் பார்த்து வயிறெரிகிறாள் சண்முகசுந்தரி என்று ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள். அவளுக்கு நாலு கால், அவ்வளவுதான்.

முதலில் ஒரு ரெயின்கோட் வந்தது. அப்புறம் கவுன், குல்லா வைத்த பனியன் என்று ஆன்லைனில் வரிசையாக வந்து இறங்கியது. இஞ்ச் டேப்பை வைத்துக் கழுத்துச் சுற்றளவு, நெஞ்சுச் சுற்றளவு எல்லாம் எடுத்து மனப்பாடமாகச் சொல்வார். பேங்க் வேலையிலிருந்து ரிட்டையர் ஆன மனுஷன், வேறென்ன சோலி? எனக்குப் புடவை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனால் மட்டும் கடை வாசலிலேயே நின்று, "உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கோ" என்பார்.

ஒரு நாள் அவர் ஷீபாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினேன். அவள் ஸ்கூட்டரில் முன்னால், நான் பின்னால். அருவியில் பெண்கள் பக்கம் போய்க் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட, பல் தந்தியடிக்க வெளியே வருகிறேன், இவர் குத்தவைத்து உட்கார்ந்து அவள் காதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எந்தத் துண்டால்? எனக்கென்று நான் கொண்டுபோன காய்ந்த துண்டால்! மதுரைக்காரப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று, "ஸோ க்யூட் அங்கிள், டிரெஸ் எங்க வாங்குனீங்க?" என்று கேட்க, இவர் முகமெல்லாம் பல். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் சாரல் விடாமல் பிடித்தது. சீசனில் எங்கள் பக்கம் துணி காயாது. ஹாலில் கொடி கட்டி ஃபேனைப் போட்டுவிடுவோம். அந்த ஃபேனுக்கு நேர் கீழே ஷீபாவின் கவுன்கள், என் புடவைகள் ஓரத்தில். அப்படியும் அவளுடையது ஒன்றும் காயவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான்.

செங்கோட்டையில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் ரஹ்மத்திடம் துணியைக் கொடுத்தேன். "அளவு ஜாக்கெட்டக் கொண்டாங்கக்கா" என்றாள். என்னிடம் அளவுக்கென்றே ஒரு நீல ஜாக்கெட் உண்டு. எந்தத் தையல்காரியிடம் கொடுத்தாலும் அதை வைத்துத்தான் தைப்பார்கள். பீரோ பக்கத்து ஆணியில் ஒரு மஞ்சப்பையில் மாட்டி வைத்திருந்தேன். வந்து பார்த்தால் பை இருக்கிறது, ஜாக்கெட்டைக் காணோம்.

வீட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஷீபா துள்ளிக் குதித்து உள்ளே வந்தாள். முன்னங்கால் இரண்டிலும் என் ஜாக்கெட்டின் கை. முதுகில் என் ஹூக் வரிசை. இடுப்புப் பக்கத்தை வெட்டி, உள்ளே மடித்து, ஊசி நூலால் ஓட்டுத் தையல் போட்டிருந்தது. தன் சட்டைக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியாத மனுஷன் போட்ட தையல்!

"அடப் பாவி மனுஷா! என் அளவு ஜாக்கெட்டுலா இது!"

"பழசுதானட்டி? பையில சும்மா கெடந்துச்சு. இவளுக்கு ஒண்ணும் காயல, அதான்..."

"கழத்துங்க! இப்பவே கழத்துங்க! என் வீட்டுக்காரரு போச்சு, துண்டு போச்சு, இப்ப என் ஜாக்கெட்டும் அவளுக்கா? தாலி ஒண்ணுதான் பாக்கி. அதையும் கழத்தித் தாரேன், அவ கழுத்துல கட்டுங்க!"

 நானே ஹூக்கைப் பிய்த்துக் கழற்றினேன்.  கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கந்தல் ஜாக்கெட்டுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு, தூறலோடு ரஹ்மத் கடைக்கு நடந்தேன். பின்னாலேயே அவர் குடையோடு வந்தார். இடது கையில் அவள், துண்டு சுற்றிக்கொண்டு.

ரஹ்மத் ஜாக்கெட்டை விரித்துப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். "கையும் தோளும் தப்பிச்சுருச்சு, சமாளிச்சிரலாம்" என்று டேப்பை எடுத்து ஜாக்கெட்டை அளந்துவிட்டு என் உடம்பில் வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இது உங்களுக்கு அளவே இல்லக்கா. எப்படி எளைச்சிட்டீங்க! இதை வச்சுத் தச்சா தொளதொளன்னு தொங்கும்."

"தெரியும்" என்று குரல் வந்தது. நான் இல்லை. வாசலில் நின்ற அவர். "ஒரு வருசமா எல்லா ஜாக்கெட்டுக்கும் பின்னு குத்தித்தான் போடுதா. அது இனிமே ஆகாதுன்னுதான் எடுத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பின் குத்துவதைப் பார்த்திருக்கிறார்! ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்துபோனது உண்மைதான். அடுத்த நிமிஷமே கோபம் பற்றிக்கொண்டது. ரஹ்மத் அளவெடுத்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, ரோட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வருசமாப் பாத்திருக்கீங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? இவ ஒரு நேரம் பாலைக் குடிக்கலன்னா தென்காசிக்குத் தூக்கிட்டு ஓடுதீங்க டாக்டர்ட்ட!"

அவர் குடையை என் பக்கம் சாய்த்தார். பிறகு, "பயமா இருந்துச்சுட்டி" என்றார். "எங்க அம்மையும் இப்படித்தான் எளைச்சா. உன்னக் கேட்டு, டாக்டர்ட்ட போயி, அவரு ஏதாவது சொல்லிட்டாருன்னா நான் என்ன செய்வேன்? கேக்காமலே இருந்துட்டேன்."

மாமியார் கடைசியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. என் கோபம் கொஞ்சம் ஆறியது. ஆனால் விடவில்லை நான்.

"எனக்கு ஒரு நோயும் இல்ல. ராத்திரி நான் சாப்பிடுததே இல்ல. நீங்க இவள மடியில வச்சு ஊட்டி, டிவி முன்னால நீங்களும் சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிருதீங்க. அபர்ணாவும் இல்ல. அடுக்களையில ஒத்தையா உக்காந்து தின்னா எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்கு. தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துருதேன்."

அவர் நின்றுவிட்டார். 

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாட்டி?"

அவர் கையில் இருந்தவளைப் பார்த்தேன். என் துண்டுக்குள்ளிருந்து முழித்துக்கொண்டிருந்தாள்.

"இவ வாயத் தொறந்து சொன்னாளா, குளிருதுன்னு?"