மிச்ச மாத்திரை டப்பா

கும்மிடிப்பூண்டியில் யாருக்கு என்ன வந்தாலும் பழி இரும்புக் கம்பெனிச் சூட்டின் மேல்தான் விழும். தலைவலி, வயிற்றுப்போக்கு, முடி உதிர்வது எல்லாமே சூடு. எனவே, தங்கை ஹெலனுக்கு இரண்டு வாரமாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்று கேள்விப்பட்டு மெர்சி வந்தபோது, தங்கையின் கணவன் பென்னி மோரில் வெந்தயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"சூடுதான் மெர்சிக்கா. மூணு வேளையும் மோரு குட்த்துக்கினுதான் கீறேன்."

"இரும்பு உலை பக்கத்துல நிக்கிறது நீ. சூடு மட்டும் அவளுக்கா?"

"என் யூனிஃபார்ம அவதானே தோய்க்கிறா?"

மெர்சி அவனைத் தாண்டிப் போனாள். உள்ளே ஹெலன் அந்த வெயில் காலத்திலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். பக்கத்தில் கைக்குழந்தை. நெற்றியைத் தொட்ட மெர்சி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கொதித்தது.

அலமாரி மேலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். அக்காள் வீடு, தங்கை வீடு இரண்டிலும் அப்படி ஒரு டப்பா உண்டு. காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். மிச்சம் டப்பாவுக்குள் போகும். அடுத்து யாருக்கு எது வந்தாலும் முதலில் டப்பாதான் இறங்கும். காய்ச்சல் மாத்திரையைத் துழாவிய மெர்சியின் கையில் வேறோர் அட்டை வந்தது. கருக்கலைப்பு மாத்திரை. ஒரு குழி மட்டும் காலி. மற்ற நான்கும் அப்படியே இருந்தன.

"இன்னாடி இது?"

ஹெலன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பென்னி மோரை இன்னும் வேகமாகக் கலக்கினான்.

"இதுவே இன்னும் பால் மறக்கல. அதுக்குள்ள இன்னொண்ணு வேணாம்னு ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணோம்" என்றாள் ஹெலன். "ஸ்டேஷன்கிட்ட மெடிக்கல்ல அவரு வாங்கியாந்தாரு."

"டாக்டரு? ஸ்கேனு?"

"மெடிக்கல்காரரே சொல்லிட்டாரே. மொதல்ல ஒண்ணு, ரெண்டு நாள் விட்டு நாலு."

"அப்ப இந்த நாலு ஏன்டி இங்க கீது?"

"மொத மாத்திரைலயே வந்துடுச்சுக்கா. வந்தப்புறம் எதுக்கு? பக்கத்தூட்டு பூமிகாவுக்கு ஆவும்னு எடுத்து வச்சேன்."

மெர்சி கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுவதா அறைவதா என்று தெரியவில்லை.

"தானம் பண்ண உனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா? போறதுல வாடை வருதா?"

"வருது."

"கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

பென்னி கரண்டியோடு உள்ளே வந்தான். "வேணாங்க்கா. போலீஸ் கேஸ் ஆக்கிடுவாங்கோ. சர்ச்சு வரைக்கும் தெரிஞ்சிடும்."

"பெட்டியில வச்சு தூக்கிக்கினு போனா மட்டும் சர்ச்சுக்குத் தெரியாதா?"

"மோரு குடிச்சா நாளைக்கு நின்னுடும்க்கா" என்று சொல்லிக்கொண்டே எழுந்த ஹெலன், சுவரைப் பிடித்தாள். பிடி நழுவிச் சரிந்தாள். புடவையின் பின்புறம் முழுக்க ரத்தம். பென்னி கரண்டியைப் போட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினான்.

நெடுஞ்சாலையில் எளாவூர்ப் பக்கம் போகும் லாரிகள் அடைத்து நின்றன. ஆட்டோ இண்டு இடுக்கில் புகுந்து அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் மெர்சிக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் தீர்ந்துவிட்டது.

டாக்டரம்மாவின் மேசையில் அந்த அட்டையை வைத்தாள். டாக்டர் அதைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார், பிறகு பென்னியைப் பார்த்தார்.

"கரு முழுசா வெளியேறல. உள்ள தங்கினதுல கிருமி புடிச்சிருக்கு. இங்கயே வந்திருந்தா சட்டப்படி செஞ்சு குடுத்திருப்போமே. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டோம்."

"மாத்திரை கெட்டதா மேடம்?" என்றான் பென்னி.

"மாத்திரை கெட்டதில்லப்பா. எங்க மேற்பார்வையில முழுசா போட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. வலி, ரத்தப்போக்கு, குளிரு, பேதி வரும்; அடங்கிடும். கரு கர்ப்பப்பைக்கு வெளிய, குழாயில தங்கியிருந்தா இந்த மாத்திரை கேக்காது, குழாய் வெடிச்சிடும். அதுக்குத்தான் மொதல்ல ஸ்கேன். ரத்தம் ஓயாம போனாலோ, ஜுரம், வாடை இருந்தாலோ உடனே ஓடி வரணும். மோர் குடிச்சிட்டு உக்காந்திருக்கக் கூடாது."

மோர் விஷயத்தை ஆட்டோக்காரர் வரைக்கும் பென்னியே சொல்லியிருந்தான்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஹெலன் முனகினாள். "இனிமே எனக்கு கொயந்தையே பொறக்காதா?"

"இப்ப சுத்தம் பண்ணிடுவோம். குடுக்கிற மருந்தை முழுசா முடிச்சா பொறக்கும். பாதியில விட்டா கிருமி திரும்ப வரும். அப்புறம் கர்ப்பப்பைக்கு நான் பொறுப்பில்ல. முழுசா. புரிஞ்சுதா?"

மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

சுத்தம் செய்து, ரத்தம் ஏற்றி, பிழைக்க வைத்து அனுப்பினார்கள். அந்த வாரக் கடைசியில் மெர்சி வந்தபோது ஹெலன் மடியில் குழந்தையோடு உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் களை வந்திருந்தது.

"சூடு தணிஞ்சிடுச்சுக்கா" என்றான் பென்னி.

மெர்சியின் கண் அலமாரி மேல் போனது. டப்பாவை இறக்கித் திறந்தாள். மேலாகவே இருந்தது, ஆஸ்பத்திரியில் கொடுத்த கிருமி மாத்திரை, பாதி அட்டை.

"இன்னாடி இது?"

"ஜுரம்தான் உட்டுடுச்சேக்கா." ஹெலன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டப்பால கீறதுல பாதி நீ குட்த்ததுதானே?"

மெர்சி டப்பாவைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தன் பையில் கொட்டினாள். கிருமி மாத்திரையில் ஒன்றைப் பிதுக்கி, தண்ணீரோடு தங்கையின் கையில் திணித்தாள்.

"முழுங்கு. இப்ப நாக்கத் தூக்கிக் காட்டு."