நாத்தனார் கொண்டுவந்த மெத்தை

ஆறு மாதமாக என் மகளை நான் அணைக்கவில்லை. ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் எனக்கு வேலை. ஏழு வயது பிரீத்திகாவுக்கு இளைப்பு வரும்போதெல்லாம் என் கணவர் முனியராஜ் சொல்வது ஒன்றுதான்: "உன் மேலுல ஒட்டியிருக்க வெடிமருந்துதாம் பிள்ளையக் கொல்லுது." ஊரும் அதையே சொன்னது. நானும் நம்பித் தொலைத்தேன். வேலை முடிந்து வந்து இரண்டு தடவை குளித்தும் அவளைக் கிட்டே சேர்க்கவில்லை. என்னோடு பாயில் படுத்தவளை அவரோடு மெத்தையில் படுக்கவைத்தேன். இளைப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

எப்போதும் அவர்தான் பிள்ளையை விருதுநகர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவார். நேற்று ஆலை லீவு, நானே போனேன்.

ஃபைலைப் புரட்டிய டாக்டர், "மெத்தையை மாத்தியாச்சா?" என்றார்.

"எந்த மெத்தைங்கம்மா?"

"தோல்ல அலர்ஜி டெஸ்ட் பண்ணி நாலு மாசம் ஆச்சேம்மா. மெத்தைத் தூசியில கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். அதுதான் இவளுக்கு ஒத்துக்கல. அந்தப் பழைய பஞ்சு மெத்தையை எடுத்துடுங்க, விரிப்பை வாராவாரம் சுடுதண்ணியில துவைங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே. மூச்சு கட்டுக்குள்ள வந்தாத்தான் அந்த அலர்ஜிக்கு நாக்குக்கு அடியில விடுற சொட்டு மருந்தை ஆரம்பிக்க முடியும்."

"அப்ப என் மேலுல உள்ள வெடிமருந்து?"

"அது யாருக்குமே நல்லதில்லதான். குளிச்சிட்டுப் பிள்ளையத் தூக்குறதுக்கு என்ன?"

ஃபைலை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப முருகம்மா அக்கா செய்முறை சீராக் கொண்டாந்த மெத்தை. அதத் தூக்கி வெளிய போட்டா, அக்கா நம்ம வாசல மிதிக்குமா?"

"ஒங்க அக்கா மொகம் வாடக்கூடாது. எம்பிள்ளைக்கு மூச்சு முட்டலாம், அப்படித்தான?"

நாலு மாதம்! பழியை என் தலையில் கட்டிவிட்டு, தெரிந்தே பிள்ளையை அதில் கிடத்தியிருக்கிறார். பூச்சிக்காவது அவள் யாரென்று தெரியாது. இவர் பெற்ற தகப்பன்.

மெத்தையைத் தெருவுக்கு இழுத்துப் போட்டேன். அவர் தடுக்கவில்லை. தலைக்கு ஊற்றிக் குளித்து, வேறு சேலை உடுத்திக்கொண்டு வந்து, "வாடி தங்கம்" என்று கையை நீட்டினேன்.

பிரீத்திகா கதவோரமாகவே நின்றாள்.

"ரெண்டு தடவ குளிச்சியாம்மா?" என்று கேட்டாள்.