கொத்தமல்லிப் பாத்தியில் நெருப்பு

போன ஆவணியில் என் மனைவி நீலாம்பாளுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் நடந்தது. தஞ்சாவூர் டாக்டர் நன்றாகத்தான் செய்தார். நடக்கலாம், படி ஏறலாம், பஸ்ஸில்கூட ஏறலாம் என்றார். தரையில் குந்துவது மட்டும் ஆகாது என்றார். அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நீலாம்பாளின் பாதி உயிரை எடுத்துக்கொண்டோம் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பாத்தி போடுகிற அளவுக்கு இடம் உண்டு. சின்ன வயதிலிருந்தே ஊரார் வயலில் களை பறித்தவள் அவள். பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போன பிறகுதான் தன் சொந்த மண்ணில் உட்கார்ந்தாள். கத்தரி, வெண்டை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொத்தமல்லி. அவள் மல்லியை ஒரு கொத்து பறித்தால் அந்த வாசத்தில் மூன்றாவது வீட்டில் ரசம் வைக்கலாமா என்று யோசிப்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பாத்தி புதர் மண்டியது. நான் இறங்கிப் பார்த்தேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குக் கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்கத் தெரியும், களைக்கும் மல்லிக்கும் வித்தியாசம் தெரியாது. மல்லியைப் பிடுங்கி வீசிவிட்டுக் களைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவள் கொல்லை வாசலில் நின்று பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு தெருவிலிருந்து இரண்டு பெண்களைக் கூப்பிட்டோம். நீலாம்பாளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அவர்கள் குனிந்து பறித்தார்கள், இவள் உட்கார்ந்து பார்த்தாள். அவர்கள் போன பிறகு நாற்காலியை அவளே தூக்கி உள்ளே வைத்தாள்.

"இனிமே யாரையும் கூப்புடாதீங்க. வரப்புல ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டே இருந்தா முதுகு எப்படிக் கூசும்னு எனக்குத் தெரியும். அந்த வேலைய நான் செய்ய மாட்டேன்."

அதற்குப் பிறகு அவள் கொல்லைப் பக்கமே போகவில்லை. ரசத்தில் மல்லி கிடந்தால் ஓரமாக ஒதுக்கி வைத்தாள். எங்கள் மகள் எழில்மொழி தஞ்சாவூரில் கல்லூரி ஆசிரியை. அம்மா ஈரத்தில் வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று அவளுக்குப் பயம். கொத்தனார் ஹாஜா மைதீனிடம் பேசி, மாசி பிறந்ததும் கொல்லை முழுக்க சிமெண்ட் தளம் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். "துணி காயப்போடலாம்மா, சுத்தமா இருக்கும்" என்றாள். நீலாம்பாள் சரி என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து எங்கள் மகன் சேரன் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே ஒரு நீளக் கம்பி. ஒரு முனையில் கைப்பிடியும் திருகும், மறு முனையில் புனல் மாதிரி ஒரு வாய், நடுவில் ரப்பர் குழாய். சின்ன கேஸ் சிலிண்டரில் மாட்டினால் அந்த வாயில் நெருப்பு வரும். களையை நெருப்பால் கொல்லும் கருவி. சேரன் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னான். நீலாம்பாள் ஒரு தடவை பார்த்துவிட்டு, நெருப்புக்கம்பு என்றாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

சேரன் போனில் விளக்கினான். மல்லி முளைக்க நாளாகும், களை முந்திக்கொண்டு வந்துவிடும். விதைத்த பாத்தியில் களை தலைகாட்டியபின், மல்லி தலைகாட்டுவதற்கு முன், அந்த இடைவெளியில் மேலாக நெருப்பைக் காட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டும். களை போய்விடும், மண்ணுக்குள் இருக்கிற விதைக்கு ஒன்றும் ஆகாது. அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாத்தியின் ஒரு மூலையில் கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்தால் அதன் அடியில் சூடு கூடி, அங்கே மட்டும் மல்லி முந்தி முளைக்கும். அது தெரிந்ததும் நெருப்பு.

"வெதச்ச பாத்தியில நெருப்பா?" என்றாள் நீலாம்பாள். "வெத வெந்துடும்டா."

"வேகாதும்மா. நெருப்பு நிக்காது, போயிக்கிட்டே இருக்கும்."

அவள் நம்பவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் மல்லி விதையைத் துணியில் போட்டு, செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் விதையைத் தொட்டது அன்றுதான். நான் பாத்தியைக் கொத்தி, அவள் சொன்னபடி கோடு கிழித்து விதைத்தேன். உடைந்த போட்டோ சட்டத்தின் கண்ணாடியை மூலையில் வைத்தேன். சிமெண்ட் வருவதற்குள் இது ஒன்று தேற வேண்டும், இல்லாவிட்டால் இவள் திரும்பக் கொல்லைக்கு வரவே மாட்டாள் என்பது மட்டும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சாரணையும் குப்பைமேனியுமாகக் களைகள் கல்யாண வீட்டுப் பந்திக்கு வருவது போல முந்திக்கொண்டு வந்தன. பாத்தி பச்சைப் பாயாகிவிட்டது. ஒரு காலையில் கண்ணாடிக்கு அடியில் வளைந்த கழுத்தோடு இரண்டு மூன்று மல்லி முளைகள் தெரிந்தன. நான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

"இன்னிக்கு அஷ்டமி" என்றாள் நீலாம்பாள்.

"அதனால?"

"நாளைக்கு நவமி. நாளன்னிக்குப் பாப்போம். வெத போட்ட மண்ணுல மொதமொதல்ல நெருப்பு வைக்கிறோம். அஷ்டமி, நவமியில அத செய்ய மாட்டேன்."

நான் நாள் நட்சத்திரம் பார்க்காதவன். பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தபோதே அந்தச் சண்டையை முடித்துவிட்டதாக நினைத்தேன். "முளைக்கு அஷ்டமி தெரியுமா நீலா? அது பாட்டுக்கு வந்துரும்" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. சரி, பல மாதம் கழித்து என்னோடு சண்டை போடுகிறாளே என்று வாயை மூடிக்கொண்டேன்.

தசமி அன்று காலையில் காற்றே இல்லை. பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்துவிட்டுப் பாத்தியைக் குனிந்து பார்த்தேன். வெயில் பட்டுச் சூடாகிற சுவரோரம் ஒரு வரிசை முழுக்க மல்லி வெளியே வந்துவிட்டிருந்தது. மற்ற வரிசைகளில் மண் மெல்ல வெடித்திருந்தது, முளை இன்னும் மேலே வரவில்லை. அஷ்டமி நவமிக்கு நாங்கள் கொடுத்த விலை அந்த வரிசை. இன்னும் ஒரு நாள் விட்டால் பாத்தியே போய்விடும்.

சொன்னேன். கேலி எதுவும் செய்யவில்லை. அவள் வரிசை வரிசையாகப் பாத்தியைப் பார்த்தாள். களையை விட்டால் மல்லி மூச்சு முட்டிச் சாகும், குந்திப் பறிக்க அவளால் முடியாது. நெருப்பு வைத்தால் அந்த வரிசை கண்ணெதிரே கருகும், மிச்சமும் பிழைக்குமா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

"தப்பு என்னுது" என்றாள். "நானே வைக்கிறேன். குடுங்க."

திருகைத் திறந்து பற்ற வைத்துக் கையில் கொடுத்தேன். உஸ்ஸென்று ஒரே சத்தம். வெயிலில் நெருப்பு கண்ணுக்குத் தெரியவே இல்லை. புனல் வாய்க்கு முன்னால் காற்று மட்டும் நடுங்கியது. சேரன் சொன்னபடி அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பாத்தி ஓரமாக, கோயில் பிராகாரத்தில் நடக்கிற வேகத்தில் நடந்தாள். நான் தீ கொழுந்துவிட்டு எரியும், புகை வரும், சாம்பல் பறக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. நெருப்பு கடந்த இடத்தில் இலைகள் ஒரு கணம் பளபளத்தன, பிறகு பச்சை கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். செடிகள் அப்படியே நின்றன.

"ஒண்ணும் ஆகலையே. திரும்பக் காட்டு" என்றேன்.

"பொறுங்க." ஒரு சாரணை இலையைப் பறித்துத் தரச் சொன்னாள். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தபோது இலையில் அவள் விரல் பட்ட இடம் கரும்பச்சையாய் அப்படியே பதிந்திருந்தது. அப்படிப் பதிந்தால் செடி உள்ளுக்குள் செத்துவிட்டது என்று சேரன் சொல்லியிருந்தான்.

அவள் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயல் வேலையில் ரேகை தேய்ந்துபோன கை அது. ரேஷன் கடை மெஷின் அதை ஏற்றுக்கொண்டதே இல்லை, எப்போதும் நான்தான் போக வேண்டும்.

"மெஷின்ல விழாத என் கை இதுல விழுந்திருக்குங்க" என்றாள் மெதுவாக.

மத்தியானத்துக்குள் பாத்தி முழுக்கப் படுத்துவிட்டது. யாரோ கையால் தடவிச் சாய்த்ததுபோல. சுவரோர மல்லி வரிசையும் சேர்ந்துதான் படுத்தது. அவள் அதை நேராகப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த காத்திருப்பைப் போல ஒன்றை நான் பட்டதில்லை. காய்ந்த களைக்கு நடுவில் வெறும் மண். அதன் மேல் நெருப்பு போயிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை. கோரை மட்டும் ஒன்றிரண்டு இடத்தில் கூர்மையாக எட்டிப் பார்த்தது. அதன் கிழங்கு ஆழத்தில் கிடக்கிறது, அதற்கு நெருப்பெல்லாம் ஒரு முகச்சவரம்தான். காபி குடிக்கிற சாக்கில் நாங்கள் இருவரும் கொல்லை வாசலில் நின்றோம். அவள் திரும்பக் கொல்லை வாசலுக்கு வந்துவிட்டாள் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு விடியலில் அவள் கூப்பிட்ட குரலில் நான் பனியனோடு ஓடினேன். பாத்தியில் வரிசை வரிசையாக மல்லி. கருகிய களையை மேலே தூக்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் இரண்டிரண்டு இலையோடு, ஒரு கறை இல்லாமல். சுவரோரம் மட்டும் மொட்டையாக ஒரு கோடு. கோயிலில்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன் நான். அன்று என் இரண்டு கையும் தானாகக் குவிந்துவிட்டது. நீலாம்பாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"தலைக்கு மேல நெருப்பு போறது தெரிஞ்சும் உள்ள இருந்து வளந்துருக்கு பாருங்க" என்றாள்.

மாசி பிறந்த ஞாயிற்றுக்கிழமை எழில்மொழி வந்தாள். காலையில் அவள் கொல்லைக் கதவைத் திறந்தபோது நீலாம்பாள் அடுத்த பாத்தியில் நெருப்புக்கம்போடு நடந்துகொண்டிருந்தாள். நான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எழில்மொழி படியிலேயே நின்றுவிட்டாள். களை பறிக்கும் அம்மாவை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். நானும் எத்தனையோ மத்தியானம் வயலுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறேன். அப்போதெல்லாம் நாங்கள் பார்த்தது வளைந்த முதுகை. இப்போது அவள் நிமிர்ந்து நின்றாள், முகம் முழுசாகத் தெரிந்தது.

பாத்தியின் கடைசிக்குப் போய்த் திருகை மூடிவிட்டு நீலாம்பாள் தலையைத் தூக்கினாள். அறுவடை முடிந்த வயலுக்கு மேலே கொக்குக் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"என்னம்மா பாக்குற?" என்றாள் எழில்மொழி.

"களை எடுக்கையில வானம் தெரியும்னு எனக்குத் தெரியாதுடி" என்றாள் நீலாம்பாள்.

எழில்மொழி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து, கொத்தனார் ஹாஜா மைதீனிடம் வர வேண்டாம் என்று சொன்னாள்.