ஒற்றை ஸ்பூன்

என் சிரிப்பைப் பற்றி நானே பெருமையடிக்கக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஓட்டலில் ஏழு சர்வர்கள், ஏழு பேரிலும் அதிகம் டிப்ஸ் வாங்கியவள் நான். வாசலில் நின்று நான் சிரித்தால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டிகூட சமாதானமாகி ஒரு பாயசமோ ஐஸ்கிரீமோ கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சிரிப்புக்காரி என்றே எனக்குப் பெயர். முதலாளி கொடுப்பது அரைச் சம்பளம். மீதியை மேசையில் தேற்றிக்கொள் என்பது அவர் ஏற்பாடு. அப்படித் தேற்றியதில்தான் என் மகளின் காலேஜ் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் அவருக்கு என்ன தோன்றியதோ, மத்தியானக் கூட்டம் வடிந்ததும் எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"டிப்ஸுக்குத் தலைமாட்டுலயே நிக்கிறாங்கன்னு வர்றவங்க முணுமுணுக்கிறாங்க. வேணும்னா டிப்ஸை நிறுத்திட்டு முழுச் சம்பளம் தர்றேன். எல்லாருக்கும் ஒரே சம்பளம். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

யார் எந்தப் பக்கம் என்று வெளியே தெரியக் கூடாதே, அதற்கு ஒரு வழி செய்தோம். சம்பளம் வேண்டுமென்றால் ஸ்பூன், டிப்ஸ் வேண்டுமென்றால் ஃபோர்க். டிஷ்யூ பேப்பரில் சுற்றித் தண்ணீர் ஜாடிக்குள் போட வேண்டும். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் அது வராதே.

"ஓடியாடி வேலை செய்றவளுக்கும் ஆடி அசைஞ்சு வர்றவளுக்கும் ஒரே சம்பளமா? முடியாதவங்களைச் சுமக்கணும்னு நமக்கென்ன தலையெழுத்து?" என்றேன்.

யாரைச் சொன்னேன் என்று எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வருஷம் தட்டுத் தூக்கி இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன முட்டியக்காவை. ஜாடியைக் கவிழ்த்தால் ஆறு ஃபோர்க், ஒரே ஒரு ஸ்பூன். நான் அந்த ஸ்பூனை எடுத்து ஏப்ரனில் துடைத்து, நாலாம் மேசையில் ஒரு தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "யாரோ கை தவறிப் போட்டுட்டாங்க போல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முட்டியக்காவும் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். முட்டியக்கா எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த வருஷம் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து புடவையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிக் கிடந்தது. நரம்புக் கோளாறாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஐந்து மாதமாகிறது, ஆகவில்லை. நான் சிரித்தால் வலது பக்கம் மட்டும் மேலே போகிறது. பார்ப்பவர்களுக்குக் கேலி செய்வது போல் இருக்கிறது. ஒரு அம்மாள் குழந்தை பயப்படுகிறது என்று எங்களில் ஒருத்தியான மைனாவின் மேசைக்கு மாறிப் போனாள். முதல் மாதம் பாவம் பார்த்துக் கொஞ்சம் வைத்தார்கள். பிறகு அதுவும் நின்றது. கால் நன்றாக இருக்கிறது, கை நன்றாக இருக்கிறது, ஒரு தட்டு நழுவியதில்லை. இருந்தும் அரைச் சம்பளத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. முழுச் சம்பளம் கிடைத்தால் இந்த மூஞ்சியோடு பிழைத்துக்கொள்வேன். இல்லையென்றால் மகளைக் காலேஜிலிருந்து நிறுத்த வேண்டும்.

முதலாளியிடம் போய் மறுபடி ஜாடி வைக்கலாமா என்று கேட்டேன்.

"எனக்கென்னம்மா, நாலு ஸ்பூன் விழட்டும், அடுத்த மாசமே தர்றேன்" என்றார்.

சொல்ல மாட்டாரா பின்னே. அவர் கொடுக்க வேண்டிய கூலிக்கு நாங்கள் ஒருத்தர் காலில் ஒருத்தர் விழ வேண்டும், அவருக்கு நல்ல பெயர். விழுந்தேன். ஆறு பேரையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டேன். இப்போது அதிகம் டிப்ஸ் வாங்குகிறவள் மைனா. ஓயாமல் பேசுவாள், அதனால் அந்தப் பெயர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள்.

"என்னக்கா நீங்க, கேக்கணுமா? என் ஸ்பூன் உங்களுக்குத்தான்" என்றாள்.

ஆறு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டில் மகள், "எத்தனை பேரும்மா நம்ம பக்கம்?" என்று கேட்டாள்.

"எல்லாரும்டி. நீ போய்ப் படி" என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே புத்தகத்தை எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் முதலாளியே ஜாடியைக் கவிழ்த்தார். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார். ஃபோர்க். ஃபோர்க். மூன்றாவதும் ஃபோர்க். நான்காவதும். கடைசியில் ஆறு ஃபோர்க், ஒரு ஸ்பூன். அந்த ஒன்று நான் போட்டது.

ஆறு பேரையும் வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும் போலிருந்தது. என்னவென்று ஏசுவது? அவர்கள் போட்டது போன வருஷம் நான் போட்டதைத்தான். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலத்துக்கு மேசைகளைத் தயார் செய்ய வேண்டுமே, மைனா அந்த ஸ்பூனை எடுத்து ஏப்ரனில் துடைத்து, நாலாம் மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கேலி ஒன்றும் இல்லை. அங்கே ஒரு ஸ்பூன் குறைந்தது, வைத்தாள்.

கதவு திறந்தது. ஒரு குடும்பம், நாலு பேர். எனக்கு அழுகை வந்தது. அழுதால் இருக்கிற அரைச் சம்பளமும் போய்விடும். அன்றைக்கு முட்டியக்கா எங்களோடு சேர்ந்து எப்படிச் சிரித்தாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"வாங்க, வாங்க" என்று சிரித்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு மைனாவின் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.