தீர்க்கப்பட்ட புகார்

கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று கண்காணிக்க ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அதை மேய்க்க ஒரு பெண் அதிகாரியையும் போட்டார்கள். திரையில் சிவப்புக் கட்டம் தெரிந்தால் ஆபத்து, பச்சை தெரிந்தால் நிம்மதி. இயக்குநர்கள் கூட்டத்தில் கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிப்பதில்லை, நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதிகாரிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அந்த மென்பொருளில் ரகசியப் புகார்ப் பெட்டி ஒன்று உண்டு. பயிற்சி வகுப்பில் மைக்கைப் பிடித்து, "தைரியமா எழுதுங்க, யார் எழுதினதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்று அவள்தான் சொன்னாள். கிடங்கில் வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனார் பின்வரிசையில் இருந்து, பெருமை தாங்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் "எங்க அண்ணி" என்றாள்.

புகார்கள் வந்து குவிந்தன. கழிப்பறையில் தண்ணீர் இல்லை, ஏசி ஓடவில்லை, இப்படி. கூட்டம் நெருங்க நெருங்கத் திரை சிவந்தது. ஒவ்வொன்றாகப் படிக்க அலுத்துப்போய், வருகிற புகார் அந்தந்தத் துறைத் தலைவருக்கே நேராகப் போகும்படி அமைப்பை மாற்றினாள். அவரே பதில் எழுதி முடித்துவிடலாம். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதைதான். ஆனால் திரை பச்சையாகிவிட்டது. இயக்குநர் பாராட்டி அனுப்பிய செய்தியைக் கணவனிடம் இரண்டு தரம் காட்டினாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் நாத்தனார் அவளுடைய அறைக்கு வந்தாள். அழுத முகம்.

"அண்ணி, என்னைத் தூரத்துக் கிடங்குக்கு மாத்திட்டாங்க. பிள்ளையை ஸ்கூல்ல இருந்து யார் கூட்டிட்டு வருவா? வேலையை விட்டுட்டுப் போன்னு நேரா சொல்லாம சொல்றாங்க."

"என்ன திடீர்னு?"

"சரக்கு தூக்குற வண்டியில பிரேக் பிடிக்கல. எல்லாம் சரியா இருக்குன்னு டிக் போடுன்னார் மேனேஜர். யார் மேலயாவது ஏறிடும்னு பயந்து பெட்டியில எழுதினேன். வண்டியைச் சோதிக்கிறது நான் ஒருத்திதானே, அவர் படிச்சா கண்டுபிடிக்க மாட்டாரா? ஆனா அவர் கைக்கு எப்படி அண்ணி போச்சு?"

அதிகாரி திரையைத் திறந்தாள். புகார் பச்சையாக இருந்தது. 'தீர்க்கப்பட்டது' என்று மேனேஜரே எழுதி மூடியிருந்தார்.

"சிஸ்டம் தானா அனுப்பியிருக்கு" என்றாள். சொல்லும்போது நாக்குக்கூடத் தடுமாறவில்லை, அதுதான் கேவலம்.

"சிஸ்டத்தை நம்பியா எழுதினேன்? நீங்க சொன்னீங்கன்னு எழுதினேன்."

அதற்குமேல் அதிகாரியால் மறைக்க முடியவில்லை. "நான்தான் மாத்தி வெச்சேன். கூட்டத்துக்கு முன்னாடி எல்லாம் பச்சையாகணும்னு."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, மேல போய் அதைச் சொல்லுங்க. வண்டியையாவது நிறுத்துவாங்க."

இயக்குநர் அறை ஒரு மாடி ஏறினால் வந்துவிடும். அதிகாரி எழப் பார்த்தாள். நாளைய கூட்டம் ஞாபகம் வந்தது, அந்தப் பாராட்டுச் செய்தியும் வந்தது. தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போல இருந்தது. அப்போதும் நாற்காலியை விட்டு எழவில்லை.

நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"விடுங்க, நானே போய்ச் சொல்றேன்." கதவருகே திரும்பினாள். "வீட்ல இதைப் பத்திப் பேச வேணாம் அண்ணி. அண்ணனுக்குத் தெரிஞ்சா உங்களைத் திட்டுவார். நீங்க தாங்க மாட்டீங்க."