காற்றுக்கு நேராக

கரைக்கு வந்ததும் பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்விக்கு, அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி பதில் சொல்லிவிட்டான்.

"என் தப்புதான் சார். பாய்க்கயித்த கைநழுவ விட்டுட்டேன்."

அவன் எதையும் நழுவவிடவில்லை. அது அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர்: உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்ற பயிற்சியாளர், குடையும் கையுமாக மணலில் வேகவேகமாக வந்துகொண்டிருந்த அம்மா.

இரண்டு பேர் ஓட்டும் பாய்மரப் படகு அது. தம்பியின் கூட்டாளி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அணித் தேர்வுப் போட்டி கையைவிட்டுப் போய்விடக் கூடாதென்று தம்பி அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தான். இந்தத் தடவையும் தேறாவிட்டால் படகைத் தலைமுழுகிவிட்டு வேலைக்குப் போவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அக்காவுக்குக் காற்றென்றால் பயமில்லை. காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் ஏறி இயந்திரம் பழுது பார்ப்பவள். "காத்துள்ளபோதே தூத்திக்கிட்டவ எம்பொண்ணு" என்று அம்மா பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

பயிற்சியின்போது தம்பி விளக்க வந்ததையெல்லாம் அவள் பாதியிலேயே வெட்டிவிட்டாள். உன் பாயும் என் காற்றாலை இறக்கையும் ஒன்றுதான்டா, காற்று பின்னாலிருந்து தள்ளுவதில்லை, வளைவில் வழுக்கிப் போகும்போது இழுக்கிறது, எனக்கே பாடமா என்று சிரித்தாள். சொன்னதில் பிழையில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. பாதி தெரிந்தவருக்கு மீதியைக் கேட்கப் பொறுமை ஏது?

கடைசிச் சுற்றில் கயிறு சிக்கிக்கொண்டது. சுக்கானை அக்காவிடம் கொடுத்து, அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தம்பி முன்னால் தாவினான். அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலையின் மூக்கும் திரும்பி நேருக்கு நேர் நிற்க வேண்டும். அப்படித் திருப்புகிற மோட்டார்களோடுதான் வருடக்கணக்காக அவள் மல்லுக்கட்டுகிறாள். யோசிக்கவே இல்லை. கை தானாகப் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பாய்மரப் படகோ காற்றை நேருக்கு நேர் எதிர்த்து ஓடாது, சாய்வாகத்தான் முன்னேறும். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு நின்றது, பிறகு பின்னால் நகர ஆரம்பித்தது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. தம்பி திரும்பிப் பார்த்தான்.

இப்போது கரையில் பயிற்சியாளர் அக்கா பக்கம் திரும்பி, பழக்கமில்லாமல் இவ்வளவு தூரம் ஈடுகொடுத்ததே பெரிய விஷயம் என்று பாராட்டினார். 'நான்தான்' என்ற நாலெழுத்து தொண்டைவரை வந்தது. அதற்குள் அம்மா பக்கத்தில் வந்துவிட்டாள். காற்றில் பிழைக்கிற பெண் காற்றிடமே கோட்டைவிட்டாள் என்று அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டாள். பயிற்சியாளர் தம்பியின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த படகை நோக்கி நடந்தார். அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்ச் சொல்லலாம், இன்னும் நேரமிருந்தது. போகவில்லை. வெட்கம் காதுமடல்வரை சுட்டது. முகம் சிவந்திருப்பதைப் பார்த்த அம்மா, வெயில்தான் என்று நினைத்துக் குடையை அவள் பக்கம் சாய்த்தாள்.

"போதும்டா விளையாண்டது," என்றாள் மகனிடம். "அக்கா ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா கோபுரத்துக்குக் கீழ ஏதாவது வேலை கிடைக்கும். போறியா?"

தம்பி குனிந்து ஈரப் பாயை மடித்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா."

அம்மா நிம்மதியாக முன்னால் நடந்தாள். பாயின் மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டாள். இப்போதாவது அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். ஆனால் அவன்தான் முதலில் பேசினான், கோபத்தின் சாயல்கூட இல்லாமல்.

"அக்கா, அங்க ஷூ அவங்களே குடுப்பாங்களா? எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவள் கீழே பார்த்தாள். உப்பு காய்ந்து வெள்ளை பூத்த அவன் வெறுங்கால்கள். ஆடும் படகில் நிற்பதுபோல, பத்து விரல்களும் மணலை இறுகப் பற்றியிருந்தன.