வீடே கேட்கட்டும்

என் கம்ப்யூட்டருக்கு ஓட்டை வாய். எந்த விசையைத் தட்டினாலும் அந்த எழுத்தைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடும். எனக்குப் பார்வை போன பிறகு, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை அண்ணன்தான் போட்டுக் கொடுத்தான். கூடவே பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் வாங்கி வந்தான். நான் ஹெட்ஃபோன் கேட்டேன். கண்தான் போய்விட்டது, காதையாவது காப்பாற்றிக்கொள் என்று மறுத்துவிட்டான். அவனுக்குப் பாசம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்தப் பாசம் ஸ்பீக்கரோடு அல்லவா வந்தது!

வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது எனக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர். பாதி விரலுக்காக, பாதி வாய்க்காக. அந்தப் பட்டாசு அண்ணன் வீட்டுக் கூடத்தில் நமத்துப்போய்க் கிடந்தது.

தோழிக்கு மெயில் எழுத உட்கார்ந்தால் போதும், அண்ணி அடுப்படியில் நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஒருநாள் 'இங்கே எனக்கு' என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தைக்குள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இங்க உனக்கு என்ன? சொல்லேன், நானும் தெரிஞ்சுக்கறேன்."

'இங்கே எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது' என்று முடித்தேன். தோழி தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கே அமைப்புகளுக்குள் புகுந்தேன். அம்புக்குறி விசையால் தடவித் தடவித் தட்டச்சுப் பகுதியைக் கண்டுபிடித்தேன். தட்டும் எழுத்தைச் சொல்ல ஒரு கட்டம், தட்டி முடித்த வார்த்தையைச் சொல்ல ஒரு கட்டம். இரண்டிலும் டிக் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன். வார்த்தையைத் திரும்பப் பேசவைக்கக் குறுக்குவழியும் இருந்தது: இன்செர்ட்டை அழுத்திக்கொண்டு மூன்றைத் தட்டினால் போதும். அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

வீடு அமைதியானது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா என்று அண்ணி கேட்டாள். கெடவில்லை, இப்போதுதான் திருந்தியிருக்கிறது என்றேன்.

அந்த அமைதியில்தான் வேலைக்கு விண்ணப்பித்தேன். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய ஒரு மருத்துவமனைக்கு ஆள் வேண்டும் என்று தோழி சொல்லியிருந்தாள். வேறு ஊர், தங்க அறையும் உண்டு. அடித்ததைச் சரிபார்க்க வழியில்லை. வாசிக்கச் சொன்னால் வீடே கேட்கும். என் விரல்களை நம்பி அனுப்பினேன். அவர்கள் போனில் கேள்வி கேட்டபோது துணி காயப்போடும் சாக்கில் மாடியில் நின்று பதில் சொன்னேன். இந்த வயதில், வேலைக்குப் போவதற்குக் காதலிப்பவளைப் போல ஒளிந்து பேச வேண்டியிருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பதில் வந்த நேரம் அண்ணன் வீட்டில் இருந்தான். அனுப்பியவர் பெயரைக் கேட்டதும் என் கை நிற்கவில்லை, திறந்துவிட்டேன். ஸ்பீக்கர் ஒரு வரி விடாமல் வாசித்தது. நான் தேர்வாகிவிட்டேன், திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். சம்மதத்தை இன்று மாலைக்குள் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவரை அழைத்துவிடுவார்கள்.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தனியா எப்படிம்மா இருப்ப? அண்ணன் வச்சுக் காப்பாத்தலன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?"

அந்த நாலு பேர் யாரும் எனக்கு மெயில் போடவில்லை என்றேன். அவன் பெருமூச்சு விட்டான். நான் படபடப்பாக இருக்கிறேனாம், தப்புத் தப்பாக அடித்துவிடுவேனாம். இரண்டு நாள் அவகாசம் கேட்டுத் தானே பதில் போடுகிறேன் என்று என் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தேனே நான், அதை நினைத்தால் இப்போதும் என் மீதே எரிச்சல் வருகிறது.

அவனுக்கு ஒற்றை விரல் தட்டச்சு. விசைகளின் சத்தம் மட்டும் வந்தது. எந்த எழுத்து, என்ன வார்த்தை, ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் இருப்பவர்கள் கேட்கக் கூடாது என்று நான் அடைத்த வாய், இப்போது எனக்கும் அடைத்துக்கொண்டது. என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். நன்றி சொல்லித்தான்மா என்றான். நன்றி எவ்வளவு நீளம் என்று தட்டச்சுக்காரிக்குத் தெரியாதா?

அவன் தோளுக்கு மேலே கையை நீட்டி இன்செர்ட்டையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். அவன் விரல் அந்த நேரம் பார்த்து இடைவெளி விசையில் விழுந்தது.

"இயலாது" என்றது ஸ்பீக்கர்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் அந்த வரி முழுவதையும் வாசிக்க வைத்தேன். 'உடல்நிலை காரணமாக அவரால் வேலைக்கு வர இயலாது.'

"என் உடம்புக்கு என்ன?"

"உன் நல்லதுக்குத்தான்மா..."

"எந்திரி அண்ணா."

எழுந்தான்.

மொத்தத்தையும் ஒரே தட்டில் அழித்திருக்கலாம். நான் அழிக்கவில்லை. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்கும் எழுத்தை அது எப்போதும் சொல்லும், அதற்கு நான் வாய்ப்பூட்டுப் போட்டிருக்கவில்லை. அவன் எழுதியது எழுத்தெழுத்தாகப் பின்னாலிருந்து உதிர்வதை அவன் நின்று கேட்டான். கேட்கட்டும் என்றுதான் செய்தேன்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, சத்தத்தைக் குறை என்று அண்ணி வந்து சொன்னாள். ஸ்பீக்கரின் திருகைப் பிடித்து, அதற்கு மேல் திரும்பாத வரைக்கும் கூட்டினேன். என் வேகத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நிதானமாகத் தட்டினேன்.

"சம்மதம்" என்று ஜன்னல் கண்ணாடி அதிரச் சொன்னது அது. "திங்கட்கிழமை" என்றது. "வருகிறேன்" என்றது. அதோடு விட மனமில்லை. என் உடல்நிலைக்கு ஒரு குறையும் இல்லை என்று இன்னொரு வரி சேர்த்து, அதையும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கவிட்டு, அனுப்பினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது.

அண்ணன் சின்னக் குரலில் கேட்டான்.

"அங்க ஹெட்ஃபோன் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க" என்றேன். "அதுக்குத்தான் போறேன்."